கான்கிரீட் கலவை சரியில்லையா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

ரூஃப் போடும் நாளில் வீட்டுக்காரர் "1:1.5:3 போடுங்க" என்பார். மேஸ்திரி "சரிங்க, போட்டுடலாம்" என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் மிக்சர் வாயில் போய் விழுவது சட்டி சட்டியாக மணலும் ஜல்லியும். அந்தச் சட்டி எவ்வளவு கொள்ளும், தலைதட்டிப் போடுகிறார்களா குவித்துப் போடுகிறார்களா, மணல் காய்ந்திருக்கிறதா நனைந்திருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. கனஅளவில் கலக்கும் கான்கிரீட்டில் தவறுகள் பெரும்பாலும் இந்த மூன்று இடத்தில்தான் நுழைகின்றன. சிமெண்ட் கம்பெனியைத் திட்டுவதற்கு முன்னால் இவற்றைப் பார்த்துவிடுவது நல்லது.

கீழே இருப்பது கண்ணுக்குத் தெரியும் கோளாறிலிருந்து காரணத்துக்குப் போகும் வழி. உங்கள் சைட்டில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் தாண்ட வேண்டாம், மற்ற எல்லாக் கணக்கும் அதை நம்பித்தான் நிற்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய அளவு

விகிதத்தில் முதல் எண் சிமெண்ட், அடுத்தது மணல், கடைசி ஜல்லி. ஐ.எஸ். 456 என்னும் இந்தியக் கான்கிரீட் தரநிலையின் கணக்கில் வீட்டு ஆர்சிசி (கம்பி கட்டிப் போடும் கான்கிரீட்) வேலைக்குக் குறைந்தபட்சம் எம்20 என்ற பலத் தரம் வேண்டும். கனஅளவில் சொன்னால் அது 1:1.5:3. நம் ஊரில் பழக்கத்தில் ஓடும் 1:2:4 என்பது எம்15 தான். அஸ்திவாரத்துக்கு அடியில் போடும் பிசிசி (கம்பியில்லாத கான்கிரீட்) மாதிரியான வேலைக்கு அது போதும், தளத்துக்கும் பில்லருக்கும் போதாது.

50 கிலோ சிமெண்ட் மூட்டையின் கனஅளவு ஏறக்குறைய 35 லிட்டர். அடிக்கணக்கில் 1.225 கனஅடி, சைட்டில் ஒண்ணேகால் என்று சொல்லிவிடுவார்கள். எனவே மணலையும் ஜல்லியையும் அளக்க 35 லிட்டர் பெட்டி ஒன்று இருந்தால் கணக்கு முடிந்தது. உள்ளளவு 35 செ.மீ., 25 செ.மீ., உயரம் 40 செ.மீ. சென்ட்ரிங் ஆசாரியிடம் சொன்னால் மிச்சப் பலகையிலேயே அடித்து, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்துத் தந்துவிடுவார். ஒரு மூட்டைக்கு ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டி ஜல்லி. அவ்வளவுதான்.

சிமெண்டை மட்டும் பெட்டியில் கொட்டி அளக்காதீர்கள். மூட்டையைப் பிரித்துக் கொட்டும்போது காற்று புகுந்து உப்பிவிடும். பெட்டி நிறைந்த மாதிரி தெரியும், உள்ளே 50 கிலோ இருக்காது. சிமெண்டுக்கு மூட்டைதான் அளவு. ஒரு ட்ரிப்புக்கு, அதாவது மிக்சரில் ஒரு தடவை போடும் சரக்குக்கு, ஒரு முழு மூட்டை என்று போவதே பாதுகாப்பு. சைட்டுகளில் இருக்கும் 10/7 மிக்சர் இதற்காகவே வந்தது போல இருக்கும்: 10 கனஅடி உலர் சரக்கு போட்டால் 7 கனஅடி கலவை தரும். ஒரு மூட்டை எம்20 சரக்கு கிட்டத்தட்ட 6¾ கனஅடி என்பதால் சிந்தாமல் சுழலும்.

இன்னொரு எண்ணையும் மனதில் வையுங்கள். உலர்ந்த சரக்கு தண்ணீர் பட்டுக் கெட்டிப்படும்போது ஜல்லிக்கு நடுவே இருக்கும் சந்துகளில் மணலும், மணலுக்கு நடுவே சிமெண்டும் போய் உட்காரும். அதனால் கனஅளவு சுருங்கும். 100 கனஅடி கான்கிரீட் வேண்டுமென்றால் உலர் சரக்கு 154 கனஅடி வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. இதன்படி 1:1.5:3 கலவையில் ஒரு மூட்டைக்கு ஏறத்தாழ 4.4 கனஅடி கான்கிரீட் கிடைக்கும். 1:2:4 என்றால் 5.6 கனஅடி. இந்த 4.4-உம் 5.6-உம் பின்னால் மிகவும் உதவும்.

கலவையில் ஜல்லியாகவே தெரிகிறது, மணல் பற்றவில்லை

மிக்சரிலிருந்து கொட்டும்போதே சத்தம் வேறு மாதிரி வரும், சரசரவென்று கல் உரசுகிற சத்தம். தளத்தில் பரப்பி மட்டக்கட்டை இழுத்தால் ஜல்லி உருண்டு முன்னால் ஓடும், பின்னால் பள்ளம் விழும். கரணையால் தேய்த்தால் மேலே சிமெண்ட் பால் வராது.

விகிதத்தைக் கேட்டால் சரியாகத்தான் சொல்வார்கள்: ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டி ஜல்லி. பெட்டியும் சரியான பெட்டிதான். அப்படியானால் மணலைக் கையில் எடுத்துப் பிடித்துப் பாருங்கள். பிடி உடையாமல் உருண்டையாக நின்றால் மணல் ஈரமாக இருக்கிறது, அதாவது உப்பியிருக்கிறது.

ஈரமான மணலில் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் மெல்லிய தண்ணீர்ப் படலம் இருக்கும். அது துகள்களை ஒன்றுக்கொன்று தள்ளி நிறுத்தும். ஈரம் 4 முதல் 6 சதவீதம் இருக்கும்போது மணல் 20 முதல் 30 சதவீதம் வரைக்கும் கனஅளவில் கூடும். நைசான மணலென்றால் அதற்கும் மேலே போகும். வேடிக்கை என்னவென்றால், இன்னும் தண்ணீர் ஊற்றி முழுக்க நனைத்துவிட்டால் அந்தப் படலம் உடைந்து, மணல் பழையபடி உலர்ந்த அளவுக்கே இறங்கிவிடும். ஆக முழுக்கக் காய்ந்த மணலும் சரி, முழுக்க மூழ்கிய மணலும் சரி, உண்மையான அளவைக் காட்டும். நடுவில் இருக்கும் ஈரமணல்தான் ஏமாற்றும். நம் சைட்டில் எப்போதும் கிடப்பது இந்த நடு ரகம்தான். ஆற்று மணல் போய் எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) வந்த பிறகும் இது மாறவில்லை. கிரஷரில் கழுவி அப்படியே லாரியில் ஏற்றுகிறார்கள், லோடு சொட்டச் சொட்ட வந்து இறங்குகிறது.

அளந்து பார்ப்பது சுலபம். நேரான பக்கமுள்ள ஒரு டப்பாவில், பெயிண்ட் டப்பா போதும், ஈரமணலைக் குத்தாமல் பரவலாகப் போடுங்கள். மட்டம் தட்டி உயரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள், 20 செ.மீ. என்று வைப்போம். மணலை வேறு பாத்திரத்தில் கொட்டிவிட்டு, டப்பாவில் பாதி தண்ணீர் ஊற்றி, மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் போட்டு ஒரு கம்பியால் குத்திக் கிளறுங்கள். சற்று நேரத்தில் மணல் தண்ணீருக்கடியில் படியும். இப்போது அதன் உயரம் 16 செ.மீ. என்றால், 20-ஐ 16-ஆல் வகுக்க 1.25. அதாவது மணல் 25 சதவீதம் உப்பியிருக்கிறது.

இந்த மணலில் ஒன்றரைப் பெட்டி அளந்தால் உண்மையில் உள்ளே போனது 1.2 பெட்டிதான். கலவை 1:1.2:3 ஆகிவிட்டது. மணலுக்கும் ஜல்லிக்கும் உள்ள விகிதம் பொதுவாக 1:2, மிஞ்சினால் 1:2.5 வரை போகலாம் என்கிறது ஐ.எஸ். 456. நீங்கள் அந்த ஓரத்தில் போய் நிற்கிறீர்கள். திருத்தம்: 1.5-ஐ 1.25-ஆல் பெருக்குங்கள், 1.875 பெட்டி. நடைமுறையில் இரண்டாவது பெட்டியில் மேலிருந்து 5 செ.மீ. குறைவாக ஒரு கோடு போட்டு அதுவரை நிரப்பினால் சரியாக இருக்கும். காலையில் ஒருமுறை சோதித்தால் போதாது. மேலே காய்ந்த மணல் தீர்ந்து குவியலின் உள்மணல் வரத் தொடங்கும்போது, அல்லது நடுவே மழை பெய்தால், இன்னொரு முறை பாருங்கள்.

"மணல் குறைந்தால் சிமெண்ட் சதவீதம் கூடத்தானே செய்யும், நல்லதுதானே?" என்று சிலர் கேட்பார்கள். கணக்குப்படி சரி. ஆனால் அந்தக் கலவை கரடாக இருக்கும், பரப்ப வராது. பரப்ப வராவிட்டால் அடுத்து என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்: "தம்பி, இன்னும் ஒரு பக்கெட் விடுப்பா." மணல் குறையை மறைக்கத் தண்ணீர் ஏறுகிறது, பலம் இறங்குகிறது. பாதி சைட்டுகளில் தண்ணீர்ப் பிரச்சினை என்று சொல்லப்படுவதன் வேர் மணல் கணக்கில்தான் இருக்கும்.

மூட்டைக் கணக்கு உதைக்கிறது

என்னைக் கேட்டால் வீட்டுக்காரர் ஒரே ஒரு சோதனைதான் செய்ய முடியும் என்றால் இதைத்தான் செய்யச் சொல்வேன். காலிச் சிமெண்ட் சாக்குகளை எண்ணுங்கள். யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை.

உதாரணமாக 1000 சதுரஅடி, 5 இஞ்ச் கனத்தில் தளம். கனஅளவு 417 கனஅடி. 1.54-ஆல் பெருக்க 642 கனஅடி உலர் சரக்கு. 1:1.5:3-ஐக் கூட்டினால் 5.5. 642-ஐ 5.5-ஆல் வகுக்க 117 கனஅடி சிமெண்ட், 1.225-ஆல் வகுக்க 95 மூட்டை. மணல் 175 கனஅடி, அதாவது ஒண்ணேமுக்கால் யூனிட் (ஒரு யூனிட் 100 கனஅடி). ஜல்லி 350 கனஅடி, மூன்றரை யூனிட். இதே தளத்தை 1:2:4-இல் போட்டால் 75 மூட்டையில் முடிந்துவிடும். இருபது மூட்டை வித்தியாசம். ஒளிக்க முடியாத வித்தியாசம்.

சுருக்கமாக நினைவில் வைக்க வேண்டுமென்றால், 5 இஞ்ச் தளத்தில் எம்20 கலவை ஒரு மூட்டைக்குப் பத்தரை சதுரஅடி ஓடும். 1:2:4 என்றால் 13 சதுரஅடியைத் தாண்டும். காலையில் முதல் 20 மூட்டை போனதும் டேப்பை எடுத்து எவ்வளவு பரப்பு நிரம்பியிருக்கிறது என்று அளந்துவிடுங்கள். 210 சதுரஅடி பக்கம் இருந்தால் சரி. 260, 270 என்று போயிருந்தால் உடனே நிறுத்திக் கேளுங்கள். சாயங்காலம் கேட்டுப் பயனில்லை.

ஆனால் எண்ணிக்கை மட்டும் பார்த்துவிட்டு மேஸ்திரி மேல் பாய வேண்டாம். கனத்தையும் பார்க்க வேண்டும். ஒரு துண்டுக் கம்பியில் 5 இஞ்சுக்குக் கோடு போட்டு, பச்சைக் கான்கிரீட்டில் நாலு இடத்தில் செங்குத்தாகக் குத்திப் பாருங்கள். 4½ இஞ்ச்தான் இருக்கிறது என்றால் மூட்டை மிச்சமானதற்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம். அது வேறு பிரச்சினை, அதையும் விடக்கூடாது.

மூட்டை பற்றாமல் போவதற்கும் காரணங்கள் உண்டு. சென்ட்ரிங் ஷீட் நடுவில் தொய்ந்து சராசரியாக அரை இஞ்ச் கூடினால், 1000 சதுரஅடிக்கு 42 கனஅடி கூடும், ஒன்பது பத்து மூட்டை அதிலேயே போகும். தளத்துக்குக் கீழே தொங்கும் பீம் பகுதியைக் கணக்கில் சேர்க்க மறந்துபோவது இன்னொன்று. மூன்றாவது, மேலே சொன்ன உப்பிய மணல். மணல் உண்மையில் குறைவாகப் போவதால் ஒரு மூட்டைக்குக் கிடைக்கும் கான்கிரீட் 4.4-இலிருந்து சுமார் 4.1 கனஅடிக்கு இறங்கும். 95 மூட்டை வேலை 101 மூட்டையாகும். மழைக்காலத்தில் "எப்பவும் இந்த அளவுக்குப் பத்தும், இந்த வாட்டி என்னன்னு தெரியல" என்று ஒப்பந்தக்காரர் தலையைச் சொறிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மணல் லோடு பற்றாமல் போவதும் இதே கதைதான். லாரியில் டேப் பிடித்து நீளம், அகலம், உயரம் பெருக்கி இரண்டு யூனிட் என்று கணக்குப் போடுவது உப்பிய மணலுக்கு. 25 சதவீதம் உப்பியிருந்தால் அது உண்மையில் 1.6 யூனிட். ஒண்ணேமுக்கால் யூனிட் தேவைப்படும் தளத்துக்கு ஈரமணல் 2.2 யூனிட் இறக்க வேண்டியிருக்கும். பாதித் தளத்தில் மணல் தீர்ந்து நிற்பதைவிடக் கொஞ்சம் மிஞ்சிக் கிடப்பது மேல்.

ஒரு ட்ரிப் நன்றாக வருகிறது, அடுத்த ட்ரிப் மாறிவிடுகிறது

சட்டியைப் பாருங்கள். பெட்டி வைத்து அளக்கிற சைட் குறைவு. "மூட்டைக்கு அஞ்சு சட்டி மணல், பத்து சட்டி ஜல்லி" என்பதுதான் வாய்க்கணக்கு. அந்தக் கணக்கை யார், எந்தச் சட்டிக்குப் போட்டார்கள் என்பதுதான் கேள்வி.

ஒரு சட்டியில் தண்ணீர் ஊற்றி அளந்து பாருங்கள். தலைதட்டினால் 10 லிட்டர் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1:1.5:3-க்கு மணல் 52.5 லிட்டர், ஜல்லி 105 லிட்டர். ஐந்தேகால் சட்டி, பத்தரைச் சட்டி. வாய்க்கணக்கு கிட்டத்தட்டச் சரிதான். ஆனால் சித்தாள் தலைதட்டியா தூக்குகிறார்? மண்வெட்டியால் வாரிக் கூம்பாகக் குவித்துத் தூக்குவார். குவித்த சட்டி 14 லிட்டர் என்றால், அஞ்சு சட்டி மணல் 70 லிட்டர், பத்து சட்டி ஜல்லி 140 லிட்டர். 35-ஆல் வகுத்துப் பாருங்கள்: 2, 4. யாரும் மாற்றச் சொல்லாமலே, யாரும் ஏமாற்றாமலே 1:2:4 ஆகிவிட்டது.

அதோடு, ஈரமணல் நன்றாகக் குவிந்து நிற்கும், ஜல்லி அவ்வளவு நிற்காது, சரிந்துவிடும். மத்தியானம் ஆள் களைத்த பிறகு சட்டியும் இளைக்கும். இதனால்தான் காலைக் கலவையும் மாலைக் கலவையும் வேறு வேறாக வருகின்றன. தூக்குகிறவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பெட்டியை மிக்சர் பக்கத்தில் வைத்துவிடுங்கள். சட்டியில் தூக்கி வந்து பெட்டியில் கொட்டட்டும், பெட்டி நிறைந்ததும் மட்டம் தட்டி மிக்சருக்குப் போகட்டும். அதற்கு நேரமில்லை என்று மேஸ்திரி மறுத்தால், ஒரு பெட்டிக்கு எத்தனை குவிந்த சட்டி என்று மணலுக்குத் தனியாக, ஜல்லிக்குத் தனியாக முன்னாலேயே எண்ணிவைத்து, அந்த எண்ணிக்கையில் நடத்துங்கள். கணக்கு முழுச் சட்டியில் வராவிட்டால் மணலைக் கொஞ்சம் முன்பின் வைக்கலாம், ஜல்லியைக் கூட்ட வேண்டாம்.

முதல் ட்ரிப் மட்டும் கரடாக வந்தால் அது வேறு விஷயம். டிரம்மின் உள்சுவரில் சிமெண்டும் மணலும் ஒட்டிக்கொள்ளும். முதல் ட்ரிப்புக்கு மட்டும் கொஞ்சம் சிமெண்டும் மணலும் கூடுதலாகப் போடுங்கள், அல்லது ஜல்லியைக் குறையுங்கள். மிக்சரில் சுழலும் நேரத்தையும் கவனியுங்கள். எல்லாச் சரக்கும் உள்ளே போன பிறகு குறைந்தது இரண்டு நிமிடம் சுற்ற வேண்டும். அவசரத்தில் அரை நிமிடத்தில் கொட்டினால் ஒரே ட்ரிப்பிலேயே முன்பாதி வேறு, பின்பாதி வேறாக வரும்.

கொட்டியதும் மேலே தண்ணீர் நிற்கிறது, ஜல்லி அடியில் போய்விடுகிறது

பெரும்பாலும் தண்ணீர் அதிகம். எம்20 நாமினல் கலவைக்கு (லேபில் டிசைன் செய்யாமல் வழக்கமான விகிதத்தில் போடுவது) ஒரு மூட்டைக்கு அதிகபட்சம் 30 லிட்டர் என்று ஐ.எஸ். 456 வரம்பு கட்டுகிறது. ஆர்சிசி நீடித்து உழைக்க வேண்டுமானால் தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.55-ஐத் தாண்டக்கூடாது என்று அதே புத்தகம் இன்னொரு இடத்தில் சொல்கிறது. அது மூட்டைக்கு 27½ லிட்டர். நான் இந்த இரண்டாவது எண்ணைத்தான் பிடித்துக்கொள்வேன்.

இதில் மணலில் ஏற்கெனவே இருக்கும் தண்ணீரும் அடக்கம். ஒரு ட்ரிப்புக்கான மணல் 80 கிலோ அளவில் இருக்கும். அதில் 5 சதவீதம் ஈரம் என்றால் 4 லிட்டர். அதைக் கழித்தால் ஊற்ற வேண்டியது 23, 24 லிட்டர்தான். ஹோஸ் பைப்பை டிரம்முக்குள் விட்டு "பார்த்து விடுறேன்" என்கிற முறையில் இது முடியாது. அளவு தெரிந்த பக்கெட் ஒன்றை ஒதுக்கிவிடுங்கள், உள்ளே ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

ஸ்லம்ப் கூம்பு கிடைத்தால் சோதித்துப் பாருங்கள். 30 செ.மீ. உயரக் கூம்பைத் தூக்கியதும் கலவை எவ்வளவு அமர்கிறது என்பதுதான் சோதனை. சாதாரணத் தளத்துக்கு 25 முதல் 75 மி.மீ., கம்பி நெருக்கமான பீமுக்கு 50 முதல் 100 மி.மீ. அப்படியே தட்டையாகப் பரவி உட்கார்ந்துவிட்டால் சொல்லவே வேண்டாம்.

தண்ணீர் சரியாக இருந்தும் ஜல்லி பிரிந்தால், எங்கிருந்து கொட்டுகிறார்கள் என்று பாருங்கள். பில்லருக்கு மேலிருந்து ஒரேயடியாகக் கொட்டினால் கல் முதலில் போய் அடியில் குவியும். ஒன்றரை மீட்டருக்கு மேல் விழவிடக் கூடாது.

எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் இறுகலாகவே இருக்கிறது

கரணையில் பசை மாதிரி ஒட்டும், பரப்ப வராது, தண்ணீர் போகப் போக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மணலில் தூள் அதிகம். எம்-சாண்ட் என்று சொல்லிக் கிரஷர் டஸ்ட்டை இறக்கிவிட்டுப் போகும் ஆட்களும் உண்டு. பூச்சுக்கு வாங்கிய பி-சாண்டை ஆள் தெரியாமல் வாரி மிக்சரில் போடுவதும் நடக்கும். இரண்டு குவியலும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தால் இது நடக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதிக்கு மணல், மீதிக்குத் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி இரண்டு மூன்று மணி நேரம் வையுங்கள். மணலுக்கு மேலே படியும் தூள் படலம் கனமாக இருந்தால் அந்த லோடை கான்கிரீட்டுக்கு எடுக்காதீர்கள். இதற்கு விகிதத்தில் மருந்தில்லை. சிமெண்டைக் கூட்டினால் இன்னும் பசையாகும்.

ஷீட் பிரித்தால் தேன்கூடு

கான்கிரீட்டில் ஜல்லிக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக நிற்பதைத்தான் தேன்கூடு என்பார்கள். எல்லாத் தேன்கூட்டுக்கும் விகிதம் காரணமில்லை. பில்லர் அடியில் மட்டும், ஷீட் சேரும் இடத்தில் மட்டும் இருந்தால் சிமெண்ட் பால் ஒழுகியிருக்கிறது. கம்பி நெருக்கமான முட்டில் மட்டும் இருந்தால் ஜல்லி பெரிது, அல்லது வைப்ரேட்டர் ஊசி போகவில்லை. முக்கால் ஜல்லி, அதாவது 20 மி.மீ., போக வேண்டிய இடத்தில் ஒன்றரை ஜல்லி போயிருந்தால் எந்த விகிதமும் காப்பாற்றாது. பில்லர் முழுக்கப் பரவலாக இருந்தால்தான் மணல் குறைவு என்று முடிவு செய்து மேலே சொன்ன டப்பா சோதனைக்குப் போக வேண்டும்.

கண்ட இடத்தில் சிமெண்டைக் குழைத்துப் பூசி மறைப்பதை அனுமதிக்காதீர்கள். தளர்ந்த கல்லையெல்லாம் கொத்தி எடுத்து, கழுவி, நனைத்து, பிறகுதான் அடைக்க வேண்டும். உள்ளே கம்பி தெரிந்தால் கை வைப்பதற்கு முன் இன்ஜினியர் பார்க்கட்டும்.

மேல்பரப்பு மாவாக உதிர்கிறது

துடைத்தால் சாம்பல் தூள் கையோடு வருகிறதா? மேலே தேங்கிய தண்ணீரோடு சேர்த்துத் தேய்த்திருப்பார்கள். அல்லது தண்ணீரை இழுக்க வெறும் சிமெண்டைத் தூவித் தேய்த்திருப்பார்கள். தண்ணீர் வற்றும்வரை காத்திருந்து தேய்க்க வேண்டியதுதான். தண்ணீர் கட்டாமல் காயவிட்டாலும் இதே மாதிரி உதிரும். சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள். இப்போது அதிகம் விற்கும் பிபிசி (சாம்பல் கலந்த) சிமெண்டுக்கும் வெயில் கொளுத்தும் நாட்களுக்கும் 10 நாளாவது நனைந்திருக்க வேண்டும். பாத்தி கட்டிவிட்டால் தளத்தைப் பற்றிக் கவலையில்லை. பில்லருக்குத்தான் சாக்கு சுற்ற வேண்டும், அங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

போட்ட அன்றைக்கே விரிசல்

சில மணி நேரத்துக்குள் மேலே மயிரிழை விரிசல் ஓடினால் விகிதத்தைத் திட்ட வேண்டாம். வெயிலும் காற்றும் மேல் ஈரத்தை உறிஞ்சிவிட்டன. ஈரச்சாக்கோ பிளாஸ்டிக் ஷீட்டோ போட்டு மூடுங்கள். இறுகாமல் இருந்தால் மறுபடி தேய்த்தாலே மூடிக்கொள்ளும்.

சிமெண்ட் கூடுதலாகப் போட்டும் க்யூப் ரிசல்ட் (கான்கிரீட் கட்டியை நசுக்கிப் பலம் பார்க்கும் சோதனை) வரவில்லை

"எம்25 வேணும்னா 1:1:2 போட்டாப் போதும்" என்று ஒரு நம்பிக்கை சைட்டுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு கனமீட்டருக்கு 554 கிலோ சிமெண்ட் வருகிறது, 11 மூட்டை. ஐ.எஸ். 456 பொதுவாக 450 கிலோவுக்கு மேல் போகாதே என்கிறது. அவ்வளவு சிமெண்ட் போனால் சூடும் சுருக்கமும் கூடி விரிசல் விழும். கனஅளவில் குத்துமதிப்பாகக் கலக்கும் முறைக்கு அந்தத் தரநிலை எம்20 வரைதான் இடம் தருகிறது. எம்25-க்கும் அதற்கு மேலும் லேபில் சோதித்துக் கொடுக்கும் டிசைன் மிக்ஸ்தான், அளப்பதும் எடையில்தான். கடற்கரையை ஒட்டிக் கட்டுபவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். உப்புக்காற்று படும் ஆர்சிசிக்கு எம்20 போதாது, நேரடியாகப் படும் இடங்களுக்கு எம்30 வரை கேட்கிறார்கள். அங்கே பெட்டியையும் சட்டியையும் வைத்துக்கொண்டு மெனக்கெடுவதைவிட ரெடிமிக்ஸ் சொல்லிவிடலாம்.

எம்20-யே வரவில்லை என்றால் மூட்டைக் கணக்கு, தண்ணீர், மணல் தூள் என்ற வரிசையில் மேலே சொன்னவற்றைப் பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தால் சிமெண்ட் மூட்டையைத் தடவிப் பாருங்கள். விரலால் நசுக்கினால் உடையாத கட்டி இருந்தால் அது ஈரம் குடித்த சரக்கு. சலித்துப் பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். க்யூபையே முறையில்லாமல் எடுத்திருக்கவும் வாய்ப்புண்டு. அச்சில் மூன்று அடுக்காகப் போட்டுக் குத்தாமல் ஒரே வாரலில் நிரப்பியிருந்தால் தப்பு க்யூபில்தான், தளத்தில் இல்லை.

சின்ன வேலையில் மட்டும் கலவை கெடுகிறது

சன்ஷேடு, படிக்கட்டு, கேட் தூண் மாதிரி அரை மூட்டை வேலைகளில் யாரும் பெட்டியைத் தேடுவதில்லை. கையால் கலக்கும்போது சிமெண்ட் கொஞ்சம் வீணாகும் என்பதால் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகப் போடுவது வழக்கம். அரை மூட்டையைக் கண்ணால் பிரிக்காதீர்கள். பழைய பேப்பர்க்காரரின் தராசு இருந்தாலும் போதும், 25 கிலோ நிறுத்து எடுங்கள். கூடுதலைச் சேர்த்தால் 27½ கிலோ. அதற்கு மணல் 26 லிட்டர், ஜல்லி 52 லிட்டர், தண்ணீர் மணலின் ஈரத்தையும் சேர்த்து 15 லிட்டருக்குள். அளவு போட்ட பெயிண்ட் பக்கெட் இருந்தால் இந்த மூன்றையும் அதிலேயே அளந்துவிடலாம். மணலும் சிமெண்டும் நிறம் ஒன்றாகும்வரை உலர்வாகப் புரட்டி, அதன் பிறகு ஜல்லி, கடைசியாகத் தண்ணீர். வெறுந்தரையில் கலக்காமல் ஒரு தகர ஷீட்டின் மேல் கலக்கச் சொல்லுங்கள். மண் தரை பாலை இழுத்துவிடும், மண்வெட்டியோடு மண்ணும் கலவைக்குள் வரும்.